ஹெட்டாவின் மூன்று விரல்கள்

கதவைத் திறந்தால் போதும், தலைக்கு மேலே ரொட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போடும். நடுவில் ஓட்டை போட்ட வட்ட ரொட்டிகள். கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகும் கழிகளில் வரிசையாகக் கோத்துக் கிடக்கும். பியெத்திலா வீட்டுக்கு ரீக்கா வாழ வந்த அன்று அப்படி ஏழு கழிகள் இருந்தன. அவள் வாசலைத் தாண்டிக் காலெடுத்து வைத்ததும் பனிக்காற்றும் கூடவே நுழைந்தது. ஏழு கழி ரொட்டியும் கடகடத்தது.

"யாத்தே, இம்புட்டு ரொட்டியா! யாரு சுட்டது?" என்று கேட்டாள் ரீக்கா.

அவளைச் சறுக்குவண்டியில் அழைத்து வந்த புதுப் புருஷன் ஹெர்மன்னி குனிந்து காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். அடுப்போரம் நின்றவள் தேக்லா. செத்துப்போன மூத்த பெண்டாட்டியின் தங்கை. அவள்தான் பதில் சொன்னாள்.

"அக்கா."

அவ்வளவுதான். எங்கள் ஆற்றங்கரை ஆட்கள் வாயைத் திறக்கக் கூலி கேட்பவர்கள். ரீக்கா கிழக்கே சவோ நாட்டுக்காரி, மூச்சு விடுகிற நேரம் தவிர பேசிக்கொண்டே இருக்கிற ஜாதி. முப்பத்து நாலு வயதுவரை அந்தக் கிழக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பண்ணையில் மாடு பார்த்தவள். ஹெர்மன்னி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது, பதினோரு மாடு இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டான். அவள் சரி என்றாள். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது.

மூத்தவள் ஹெட்டா செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாள் வாரத்தில், நானூறு ரொட்டி சுட்டாள். நவம்பரில் நெஞ்சுச் சீக்கில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாள். அவளைப் புதைத்த நாளிலிருந்து வீடு அவள் சுட்ட ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் ஓடையில் வெள்ளம் வந்தால்தான் மாவு மில் சுற்றும். இலையுதிர்காலத்தில் ஒரு தடவை, பனி உருகும்போது ஒரு தடவை. மாவு வந்ததும் ஆறு மாதத்துக்குச் சேர்த்துச் சுட்டுக் காயவைத்துவிடுவோம். சுட்டவள் போனாலும் ரொட்டி இருக்கும். ஆனால் ரீக்காவின் ஊரில் வாரம் தவறாமல் சனிக்கிழமை சுடுவார்கள், சுட்டது ஞாயிறுக்குள் சூட்டோடு பாதி தீர்ந்துவிடும். செத்தவள் கையால் தினம் மூன்று வேளை தின்கிற பழக்கம் அவளுக்கு எப்படி இருக்கும்?

முதல் நாள் சாப்பாட்டில் உப்பு மீன், புளித்த பால், ரொட்டி. அவள் சும்மா இருக்கமாட்டாமல், எங்கள் ஊரில் ரொட்டிக்குள்ளேயே மீனை வைத்துச் சுடுவோம் என்று ஆரம்பித்தாள்.

"மீனுக்கு எதுக்குச் சட்டை?" என்றான் ஹெர்மன்னி. அந்த வாரம் முழுக்க அவன் பேசியதில் அதுதான் பெரிய வேடிக்கை. தேக்லா சிரிக்கவில்லை.

ரொட்டியின் மேல் மாவு உப்பாமலிருக்க விரலால் குத்திய குழிகள் இருந்தன. எல்லா ரொட்டியிலும் மும்மூன்றாக. இரண்டு ஆழம், ஒன்று மேலோட்டம். வைக்கோல் நறுக்கும் கத்தியில் ஹெட்டாவின் ஆள்காட்டி விரல் நுனி சின்ன வயதிலேயே போய்விட்டதாம். பிள்ளை லெம்பி தன் பங்குத் துண்டை வாங்கியதும் முதலில் மேலோட்டமான குழியைத் தேடுவாள். கிடைத்தால் அதில் சுண்டுவிரலை வைத்து, "அம்மா" என்பாள். பிறகுதான் பாலில் தோய்த்துத் தின்பாள். தினமும் இப்படித்தான். யாரும் அதைத் தடுக்கவுமில்லை, கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. ரீக்கா மட்டும் தன் துண்டைக் கீழே வைத்துவிடுவாள்.

கல் மாதிரி ரொட்டி அது. மென்று மென்று தாடை வலிக்கும். மெல்ல மெல்லப் புளிப்பு ஊறி வரும். அந்தப் புளிப்பு அவளுக்குத் தெரிந்த புளிப்பு இல்லை. யாரோ ஒருத்தியின் கழுத்துப் பக்கத்து வாசம் மாதிரி அது அவளுக்குப் பட்டது. பிப்ரவரியில் ஒருநாள் ரொட்டியைப் பிட்டபோது உள்ளே ஒரு முடி. வெளுத்த பொன்னிறம். இழுத்தாள், வந்துகொண்டே இருந்தது, ஒரு முழத்துக்குக் குறையாது. யாரும் பார்ப்பதற்குள் அடுப்பில் போட்டாள். கருகின வாடை சாயங்காலம்வரை அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து காற்றில் ரொட்டி கடகடக்கிறபோதெல்லாம் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாகத் திரும்பிப் பார்ப்பாள். கதவு சாத்தியிருக்கும்.

கழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தீர்ந்து தொலையட்டும் என்று அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். தீர்ந்தால் பிறகு என் ரொட்டி. பிறகு என் வீடு.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வீட்டைக் கழுவினார்கள். நெஞ்சுச் சீக்கு வந்து செத்த வீட்டைச் சாம்பல் தண்ணீர் காய்ச்சி ஊற்றிக் கழுவாமல் விடக்கூடாது. பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். ரீக்கா பெஞ்சு, கட்டில், தரை என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியாகத் தானிய அறைக்குப் போனாள். மூலையில் மாவு பிசைகிற மரத்தொட்டி கவிழ்ந்து கிடந்தது, ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிசு. நிமிர்த்தினாள். உள்ளே சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டி, வெடித்து, எலி கொறித்த தடத்தோடு கிடந்தது.

மாவுத்தொட்டியைக் கழுவக்கூடாதென்று அவளுக்குத் தெரியாதா? சவோவிலும் எந்தப் பெண்ணும் கழுவமாட்டாள். அடியில் ஒட்டின புளித்த மாவில்தான் அடுத்த ரொட்டிக்கு உயிர் இருக்கிறது. வேர் என்பார்கள் அதை. ஆனால் வாரா வாரம் சுடுகிற ஊரில் அந்த வேர் ஈரமாக, பிசுபிசுவென்று, மூடியைத் திறந்தால் மூக்கைக் குத்துகிறதாக இருக்கும். ஆறு மாதம் காய்ந்து பொருக்கானதும் வேர்தான், தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும் என்பது அவள் அறியாத சங்கதி. செத்துப்போனது என்று நினைத்தாள். இருமிச் செத்தவளின் எச்சில் காய்ந்த தொட்டி என்றும் நினைத்தாள்.

கொதிக்கக் கொதிக்கச் சாம்பல் தண்ணீரை ஊற்றினாள். மணலைப் போட்டு, ஜூனிப்பர் என்னும் முட்செடியின் குச்சிக் கட்டால் தேய்த்தாள். மரம் வெள்ளை வெளேர் என்று வருகிறவரை தேய்த்தாள். கை தோல் உரிந்தது. நிமிர்ந்தபோது வாசலில் தேக்லா இரண்டு வாளித் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வாளிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் கடைசியில் ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. ஓடை பெருகி மில் சுற்ற ஆரம்பித்தது. ஹெர்மன்னி ரை தானியத்தை அரைத்து ஒன்பது மூட்டை மாவு ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு வாரத்தில் பார்லி விதைப்பு, அதற்கு ஏழு ஆட்கள் வருவார்கள். ரொட்டி போடாத வீட்டுக்கு எவனும் விதைக்க வரமாட்டான். கழியில் மிச்சம் பதினோரு ரொட்டி.

தொட்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னான். கொண்டுவந்தார்கள். அவன் மூட்டையை அவிழ்த்துக்கொண்டே குனிந்தவன் அப்படியே நின்றான். உள்ளே கையை விட்டுத் தடவினான். விரலை மூக்கருகே கொண்டுபோனான்.

"கழுவிட்டியா?"

"சீக்கு வீடு இல்லையா... எல்லாத்தையும் கழுவச் சொன்னாங்கல்ல."

"எங்க அம்மா காலத்துக்கு முந்தின வேர் அது. ஹெட்டா பன்னெண்டு வருசம் அதுல பிசைஞ்சா."

கத்தியிருந்தால் பரவாயில்லை. ரீக்காவும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஆளுக்கொரு மூலைக்குப் போய் முடிந்திருக்கும். அவன் மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினான். வெளியே போய், வெயில் இறங்கும்வரை குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ரீக்கா புதிதாக வேர் பிடிக்கப் பார்த்தாள். தொட்டியிலேயே மாவையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கலந்து அடுப்போரம் மூடி வைத்தாள். மூன்றாம் நாள் மேலே இளஞ்சிவப்பாய்ப் பூஞ்சை பூத்தது. பன்றிக்குக்கூட ஊற்ற முடியாத நாற்றம். மறுபடி வைத்தாள். அது களி மாதிரி அசையாமல் கிடந்தது. சாம்பல் தண்ணீரின் காரம் குடித்த மரம் எந்த வேரையும் வாழவிடவில்லை.

வெட்கத்தை விட்டு ஹைக்கிலா வீட்டுக்கு ஒரு கிண்ணத்தோடு போனாள். அந்த வீட்டுக்காரி நல்லவள்தான். காப்பி கொடுத்தாள், உட்காரவைத்தாள், மாட்டைப் பற்றி விசாரித்தாள். கிண்ணத்தை மட்டும் பார்க்கவில்லை. விதைப்பு முடிகிறவரை நெருப்பு, விதை, வேர் எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, போனால் அந்த வருஷ விளைச்சலும் கூடவே போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் ஒரு வீடு விடாமல் இதே பதில்தான் கிடைக்கும். ரீக்கா காலிக் கிண்ணத்தை இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு நடந்து வந்தாள். வயலில் வேலையாக இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போகும்முன் ஊருக்கே தெரிந்துவிடும், பியெத்திலாவின் புதுக்காரி வீட்டின் வேரையே கழுவி ஊற்றிவிட்டாள் என்று. அப்புறம் அவள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் மாடு பார்க்க வந்தவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது மேஜையில் லெம்பி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குழி விழுந்த பக்கம் உடைந்துபோயிருந்தது. விரல் வைக்க இடமில்லை. தலைக்கு மேலே ஒரே ஒரு கழியில் ஆறு ரொட்டி. கதவு திறந்த காற்றில் ஆறும் லேசாகத் தட்டிக்கொண்டன. அந்தச் சத்தம் ஓய்ந்து போகப்போகிறதே என்று முதல்முறையாக ரீக்காவுக்குப் பயமாக இருந்தது. ஐந்து மாதமாகப் போய்த் தொலையட்டும் என்றவள் இப்போது போய்விடாதே என்று நின்றாள்.

தேக்லா ஆற்றோரம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ரீக்கா போய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். ஓரமாய் ஒதுங்கின பனிக்கட்டிகள் வெயிலில் சொட்டிக்கொண்டிருந்தன.

"தேக்லா, நீ பாத்துட்டுத்தான இருந்த, நான் தேய்க்கறப்ப?"

தேக்லா துணியைப் பிழிந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாத்தான சொல்ல."

"சரி, இப்பக் கேக்கறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீ என்ன நெனச்சாலும் சரி. சீக்குக்காக மட்டும் நான் அதைக் கழுவல. அவளைக் கழுவணும்னுதான் கழுவினேன். எங்க திரும்பினாலும் அவதான். தட்டுல அவ, கூரையில அவ, புள்ள வாயில அவ. ரொட்டிக்குள்ள அவ முடி வந்துச்சு, தெரியுமா? எரிச்சுட்டேன். அப்படியும் போகல. தொட்டியையாவது கழுவித் தொலைப்போம்னு நெனச்சேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப அவ இல்லாம எனக்கு ஒரு ரொட்டி சுட வக்கில்ல. ஹெட்டாவா இருந்தா என்ன பண்ணுவா? நீ சொல்லு, அதைச் செய்யறேன். உன் காலப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கறேன்."

தேக்லா பிழிந்த துணியைக் கூடையில் போட்டாள். கைகள் குளிரில் சிவந்திருந்தன. பிறகு துணிக்கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நடந்தாள். ரீக்கா பின்னாலேயே போனாள்.

தானிய அறையில் ரை தானியக் குதிரின் மூடியைத் தூக்கி, தேக்லா தோள்வரை கையை உள்ளே விட்டாள். தானியம் சரசரவென்று சரிந்தது. துழாவி, ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். மாவு தூவி உருட்டிக் காயவைத்த புளிமாவு உருண்டை. இரண்டு கை நிறைய இருந்தது, எடை கல் மாதிரி. ஒரு பக்கத்தில் மூன்று விரல் அழுத்திய குழி இருந்தது. இரண்டு ஆழம், ஒன்று மேலோட்டம்.

"கடைசியா சுட்ட அன்னிக்கு உருட்டினா," என்றாள் தேக்லா. "நிக்கவே முடியல அவளால. சுவத்தைப் புடிச்சுட்டு வந்து இங்க பொதைச்சா. எனக்குப் பின்னால வர்றவ தொட்டியைக் கழுவுவா, சீக்கு வீட்டைக் கழுவத்தான் செய்வாங்க, அவளைத் திட்டாதேன்னா. அவளா வந்து கேட்டா எடுத்துக் குடுன்னா."

ரீக்கா மனசுக்குள் நாளைக் கணக்குப் போட்டாள். தான் அந்த ஊர்ப் பெயரையே கேட்டிராத நாளில், பெரிய பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்த நேரத்தில், ஒருத்தி சுவரைப் பிடித்து நடந்து வந்து தனக்காக இதைப் புதைத்து வைத்திருக்கிறாள். தான் தேய்த்த தேய்ப்பையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு.

"அஞ்சு மாசமா தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"பின்னால வர்றவ யாருன்னு அவ பேர் சொல்லல. நாந்தான்னு நெனச்சேன்." தேக்லா உருண்டையை விடாமல் பிடித்திருந்தாள். "ஊரே அப்படித்தான் நெனச்சுது. என்னைக் கட்டிக்கச் சொல்லி அத்தான்கிட்ட நானே கேட்டேன். ஒரு வீட்டுலேருந்து ரெண்டு பேரைப் பொதைக்க என்னால முடியாதுன்னுட்டார். எனக்கும் அதே சீக்கு நெஞ்சுதானாம். அப்புறம் உன்னைக் கூட்டிட்டு வந்தார். நீ கேக்கவே கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிட்டேன். கேக்காமப் போயிருந்தா இது குதிர்லயே கெடந்து மக்கிப்போயிருக்கும். உன்னையும் இந்த வீடு துப்பியிருக்கும்."

சொல்லிவிட்டு உருண்டையை ரீக்காவின் கையில் வைத்தாள். ரீக்காவுக்கு அவளைத் திட்டவும் வரவில்லை, கட்டிப்பிடிக்கவும் வரவில்லை. அப்படி நாமும் செய்திருப்போம் என்று மட்டும் தோன்றியது.

உடைத்தால்தான் ஊறும். அடுப்பு மேட்டில் வைத்துச் சுத்தியலை ஓங்கியவளுக்குக் கை இறங்கவில்லை. குழிகளில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். இரண்டு பொருந்தின, ஆள்காட்டி விரல் இடித்தது. கழியில் மிச்சமிருக்கிற ஆறு ரொட்டியும் நாலு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் அந்தக் கை பட்டது என்று உலகத்தில் இருக்கப்போவது இதுதான்.

"நீ உடைக்கிறியா?" என்று கேட்டாள்.

தேக்லா தலையை ஆட்டி மறுத்தாள். "உனக்குத்தான குடுத்தா."

ரீக்கா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது. உள்ளே இன்னும் பழுப்பாய், லேசாய் இளக்கமாய் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டாள். இரண்டு பேரும் தொட்டியை ஆற்றில் பத்துத் தடவை அலசி, புளித்த பால் பூசிக் காயவைத்தார்கள். மறுநாள் மத்தியானம் கிண்ணத்தின் ஓரத்தில் குமிழி விட்டது. மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. ஐந்து மாதமாக ரீக்கா வெறுத்த அதே வாசம். அவளுக்கு அழுகை வந்தது. ஹெர்மன்னி உள்ளே வந்தவன் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மாவு மூட்டையை அவிழ்த்தான்.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து சுட்டார்கள். ஹெர்மன்னி பிர்ச் விறகு போட்டு அடுப்பைப் பழுக்கவைத்தான். தேக்லா உருட்டித் தட்டி, மாட்டுக்கொம்பால் நடுவில் ஓட்டை போட்டாள். ரீக்கா விரலால் குத்தி, பலகையில் வைத்து அடுப்புக்குள் தள்ளினாள். பேச நேரமில்லை, சவோக்காரிக்கே நேரமில்லை. புகை, வெக்கை, மாவு. வியர்வை கண்ணில் வழிந்தது. மத்தியானத்தில் லெம்பி வந்து நின்றாள். முதல் ஈடு ஆறிவிட்டது, ஒன்றை எடுத்துக்கொள் என்றாள் ரீக்கா. கழியில் கோப்பதற்காக ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த தேக்லா திடீரென்று நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. ரீக்கா திரும்பினாள். தேக்லா அவளைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கூப்பிட்டாளா, வேறு யாரையாவது கூப்பிட்டாளா என்று ரீக்காவுக்குத் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். அடுக்கின ரொட்டி எல்லாவற்றிலும் மூன்று மூன்று குழிகள். இரண்டு ஆழம், ஒன்று மேலோட்டம்.

ரீக்கா தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் நீட்டியிருந்தன. ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு மடங்கியிருந்தது. நீட்டிப் பார்த்தாள், விறைத்துப்போய் வலித்தது. விடிந்ததிலிருந்து மடக்கியே வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. எப்போது மடக்கினாள், யார் மடக்கச் சொன்னார்கள், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

லெம்பி சூடு ஆறின ரொட்டியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பித் தேடினாள். கிடைத்துவிட்டது. சுண்டுவிரலைக் குழியில் வைத்தாள்.

"அம்மா," என்றாள்.

ரீக்கா அடுத்த ரொட்டியைக் குத்திக்கொண்டே, "ம்" என்றாள்.